ஆர்ட்டெமிசியான் வெண்கலச் சிலை: ஜீயஸா, பொசைடனா?

நெய்தல்வாசி

ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இந்தச் சிலையை 'ஜீயஸ் அல்லது பொசைடன்' என்றுதான் குறிக்கிறது. ஜீயஸ் கிரேக்கர்களின் வானக் கடவுள், பொசைடன் அவருடைய சகோதரர், கடல் கடவுள். இணையத்தில் மட்டும் எங்கு பார்த்தாலும் 'ஜீயஸ்' என்று முடித்துவிடுகிறார்கள். அந்த 'அல்லது' அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடக்கூடியதல்ல என்பது என் கட்சி.

சிலையைப் பார்க்காதவர்களுக்கு: உயரம் 2.09 மீட்டர், கி.மு. 460 வாக்கில் வார்த்தது. தாடி வைத்த கடவுள், உடலில் துணி இல்லை. கால்களை அகல வைத்து, இடக்கையை நேரே நீட்டிக் குறிபார்த்து, வலக்கையைப் பின்னால் ஓங்கி எறியப் போகிறார். கையில் இருந்த ஆயுதம் கிடைக்கவில்லை. இடியாயுதம் என்றால் ஜீயஸ், திரிசூலம் என்றால் பொசைடன்.

தென் இத்தாலியில் பொசைடோனியா (இன்றைய பேஸ்டம்) என்ற கிரேக்கக் குடியேற்ற நகரம் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெளியிட்ட வெள்ளிக் காசுகளைப் பாருங்கள். இதே கால்வீச்சு, இதே ஓங்கிய வலக்கை, கையில் திரிசூலம், பக்கத்தில் ஊர்ப்பெயரின் முதல் எழுத்துகள். சிலையை முதலில் விரிவாக ஆராய்ந்து எழுதிய கிறிஸ்தோஸ் கரூசோஸும் பொசைடன் என்றே சொன்னார். சிலை கிடைத்த இடமும் பொருந்துகிறது: யூபோயா தீவின் வடமுனையான ஆர்ட்டெமிசியான் கடல். கி.மு. 480இல் பாரசீகக் கப்பல்கள் எதிர்க்கரையில் புயலில் சிக்கி உடைந்ததும், ஆர்ட்டெமிசியானிலிருந்து கால்கிஸுக்கு ஒதுங்கியிருந்த கிரேக்கர்கள் 'காப்பவனாகிய பொசைடன்' என்று வணங்கினார்கள் எனக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

வார்ப்படக்காரன்

இடத்தை முதலில் விட்டுவிடுங்கள். இந்தச் சிலை ஆர்ட்டெமிசியானில் நின்றதல்ல, அந்த வழியாகப் போன கப்பலோடு மூழ்கியது. 1926இல் ஒரு கை, 1928இல் மீதி உடல் என்று கடலடியிலிருந்து எடுத்தார்கள். முக்குளிப்பவர் ஒருவர் இறந்ததால் வேலை நின்றுபோனது. அதே இடத்தில் கிடைத்த குதிரையும் அதன் மேலிருக்கும் சிறுவனும் கி.மு. 2ஆம் நூற்றாண்டு வேலை. முந்நூறு ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு சிற்பங்கள் ஒரே கப்பலில் இருக்கின்றன என்றால், வெவ்வேறு இடங்களில் பெயர்த்தெடுத்து ஏற்றிய சரக்கு அது. எங்கே பெயர்த்தார்கள் என்று அந்தக் கடல் சொல்லாது. ஆர்ட்டெமிசியானில் இருந்த கோயிலும் ஆர்ட்டெமிஸுடையது, பொசைடனுடையது அல்ல.

இனி ஆயுதத்துக்கு வருவோம். மார்பு நம்மைப் பார்த்திருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். சிற்பி நினைத்த முதன்மைப் பார்வை அதுதான், ஏனென்றால் கைகால்கள் எல்லாம் அந்த ஒரே தளத்தில் விரிந்திருக்கின்றன. தலை அவருடைய இடப்பக்கம் திரும்பியிருப்பதால் நமக்குத் தெரிவது முகத்தின் வலப்பக்கம். வலக்கை ஓங்கியிருப்பது ஏறக்குறைய தலை மட்டத்தில். அந்தக் கையில் நீண்ட தண்டு ஒன்றை வைத்து இடக்கை காட்டும் திசையில் நீட்டினால், அது நமக்கும் முகத்துக்கும் நடுவில் வந்து நிற்கும். விரித்த கைகளின் மொத்த அகலமே 2.10 மீட்டர்தான். ஆகவே வலக்கைக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆள் உயரத் திரிசூலத்தை நடுவில் பிடித்தால் அதன் பற்கள் முகத்தருகே வந்து விழும். பின்னால் தள்ளிப் பிடித்தால் தண்டு கன்னத்தின் குறுக்கே ஓடும். புருவத்துக்கு வெள்ளி, உதட்டுக்குச் செம்பு, கண்ணுக்கு வேறு பொருள் என்று பதித்து இழைத்த முகம் அது. அதை மறைக்கும்படி ஒரு கம்பியை எந்தச் சிற்பி வைப்பான்?

இடியாயுதத்துக்கு இந்தச் சிக்கலே இல்லை. நடுவில் பிடி, இரண்டு முனையிலும் மொட்டுப் போல விரியும் சுடர்கள், அவ்வளவுதான். முகம் முழுதாகத் தெரியும். 1944இல் தொல்லியலாளர் மைலோனாஸ் ஜீயஸ் என்று வாதிட்டபோதும் முகம் மறையும் என்பதை முக்கியமாக எடுத்துக்காட்டினார்.

நெய்தல்வாசி

தண்டு கிடைமட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பது உங்கள் ஊகம். திரிசூலம் மீனைக் குத்தும் கருவியிலிருந்து வந்தது, மேலிருந்து கீழாக இறங்குவது. பின்முனை உயர்ந்து, பற்கள் சரிந்திருந்தால் முகம் எப்படி மறையும்? வலக்கை விரல்களின் வளைவும் உருளையான தண்டுக்கு இடம் விட்டே இருக்கிறது.

வார்ப்படக்காரன்

இடியாயுதத்தின் நடுப்பிடியும் உருளைதான். அந்த வளைவு இரண்டுக்கும் பொருந்தும், அதை வைத்து எதையும் தீர்க்க முடியாது.

சரிந்த திரிசூலம் என்றால் இன்னும் மோசம். முன்முனை தாழத் தாழ அது தாடியையும் கழுத்தையும் வெட்டிக்கொண்டு மார்புக்கு இறங்கும். பார்வையும் ஒத்துவராது. இடக்கை கிடைமட்டமாக நீண்டிருக்கிறது, கண் அந்தக் கையின் மேல் ஓடித் தூரத்தைப் பார்க்கிறது. காலடியில் இருப்பதைக் குத்துபவன் நேரே பார்த்துக்கொண்டு குத்த மாட்டான்.

இளவெயினி

பாரசீகரை வென்ற பிளாட்டீயாப் போருக்குப் பிறகு கொள்ளைப்பொருளிலிருந்து கொரிந்த் அருகே இஸ்த்மஸில் வெண்கலப் பொசைடன் ஒன்று நிறுவியதாகப் படித்த நினைவு. காலமும் நெருக்கம். அதுவாக இருக்கக்கூடாதா?

அக்கச்சாலை

இருக்க முடியாது, அளவே இடிக்கிறது. ஹெரோடோட்டஸ் கணக்கில் ஒலிம்பியாவில் வைத்த ஜீயஸ் 10 முழம், இஸ்த்மஸில் வைத்த பொசைடன் 7 முழம். கிரேக்க முழத்தை 45 சென்டிமீட்டர் என்று வைத்தால் பொசைடன் மூன்று மீட்டரைத் தாண்டும், ஜீயஸ் நாலரை மீட்டர். நம் சிலை 2.09. கால் அகட்டி நிற்பதால் கொஞ்சம் உயரம் குறைந்திருக்கிறது என்று சேர்த்துக்கொண்டாலும் எட்டாது.

காசு விஷயத்தில் இரண்டு பேரிடமும் எனக்குக் குறை உண்டு. நெய்தல்வாசி காட்டும் பொசைடோனியாக் காசு உண்மையான சான்று. பொசைடன் திரிசூலம் ஓங்கும் வடிவம் கிரேக்கர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதை அது உறுதிப்படுத்துகிறது. அந்த அளவோடு நிறுத்த வேண்டும். காசில் உருவம் தட்டை. திரிசூலம் எங்கே ஓட வேண்டும், எவ்வளவு நீளம் என்பதை வட்டத்துக்குள் அடங்கும்படி அச்சு வெட்டுபவன் முடிவு செய்கிறான். முழு உருவச் சிலையில் தண்டு காற்றில் எங்கே நின்றது என்பதற்கு அது அளவுகோலாகாது. அந்தக் காசில் தோளிலிருந்து துணி தொங்குகிறது, நம் சிலையில் அதுவும் இல்லை. மாசிடோனியத் தளபதி திமெத்ரியோஸ் கி.மு. 306இல் சைப்பிரஸின் சலாமிஸ் கடற்போரில் வென்ற பிறகு அடித்த காசுகளிலும் பொசைடன் திரிசூலம் ஓங்குகிறார். அதை யாராவது கொண்டுவருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: நம் சிலைக்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்தியது.

ஜீயஸ் பக்கமும் காசு இருக்கிறது. மெசேனே நகரக் காசில் ஜீயஸ் இடியை ஓங்கியபடி, நீட்டிய இடக்கையில் கழுகோடு வருகிறார். வார்ப்படக்காரன் கழுகைப் பற்றிப் பேசவே இல்லை. நம் சிலையின் இடக்கை காலி.

நெய்தல்வாசி

நன்றி. அதைத்தான் கேட்க வந்தேன். கழுகில்லாத ஜீயஸுக்கு என்ன ஆதாரம்?

வார்ப்படக்காரன்

மியூனிக்கில் உள்ள கால்சிடிய வகை (கிரேக்க மட்பாண்ட பாணி ஒன்று) தண்ணீர்க்குடம், கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. பாம்புக் கால்களும் சிறகுகளும் கொண்ட டைஃபோன் என்ற அரக்கனை நோக்கி ஜீயஸ் பாய்கிறார். வலக்கையில் இடியாயுதம், இடக்கை வெறுமையாக நீண்டு குறிபார்க்கிறது. கழுகு இல்லை. வேட்டைக்கு அல்ல, போருக்கு நிற்கும் ஜீயஸ் இவர். ஜீயஸின் டொடோனாக் கோயிலில் கிடைத்த கையடக்க வெண்கல உருவங்களும் இதே வீச்சில் இடியை ஓங்குகின்றன. 1961இல் இத்தாலியின் உஜென்டோவில் கிடைத்த 74 சென்டிமீட்டர் ஜீயஸும் அப்படித்தான்.

பொசைடன் உருவங்களை மொத்தமாகப் பாருங்கள். கொரிந்த் அருகே பென்டெஸ்கூஃபியாவில் கிடைத்த காணிக்கைச் சுடுமண் பலகைகளில் பெரும்பாலும் திரிசூலத்தைப் பிடித்தபடி நிற்கிறார், இல்லையென்றால் தேரில் போகிறார். எறியும் பொசைடன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜீயஸுக்கு எறிவதுதான் தொழில்.

இளவெயினி

முகத்தை வைத்துச் சொல்ல முடியாதா? பொசைடனுக்கு நனைந்து கலைந்த முடி, ஜீயஸுக்கு அமைதியான நெற்றி என்று சில கையேடுகளில் இருக்கிறதே.

அக்கச்சாலை

அது பிற்காலச் சிலைகளில் ஓரளவு உதவும் குறி, கி.மு. 460க்குச் செல்லாது. அந்தத் தலைமுறைச் சிற்பிகள் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே முகம்தான் கொடுத்தார்கள். இந்தச் சிலையில் முடி சீராகப் பின்னித் தலையைச் சுற்றிக் கட்டியிருக்கிறது, இரண்டு பேருக்கும் பொருந்தும். பெயர் எழுதியிருக்க வேண்டும், அல்லது கையில் ஆயுதம் இருக்க வேண்டும். 1897இல் பியோஷியாவின் லிவடோஸ்ட்ரா விரிகுடாவில் கிடைத்த வெண்கலச் சிலை பொசைடன் என்று சண்டையில்லாமல் தீர்ந்ததற்குக் காரணம் பீடத்தில் இருந்த எழுத்து. ஆர்ட்டெமிசியான் சிலைக்குப் பீடமே கிடைக்கவில்லை. ஆயுதத்தைத் தனியாகச் செய்து கையில் செருகுவது வழக்கம் என்பதால் அதுவும் முதலில் கழன்றுபோகும் பாகம்.

நெய்தல்வாசி

அப்படியானால் முகம் மறையும் என்ற ஒரே வாதத்தின் மேல்தான் ஜீயஸ் நிற்கிறார். ஒரு சிற்பி எதைச் செய்திருக்க மாட்டான் என்ற நம் ரசனை அது. அருங்காட்சியகப் பெயர்ப்பலகையில் 'அல்லது' இருக்கட்டும் என்பதில் நான் அசைய மாட்டேன்.

வார்ப்படக்காரன்

பலகையில் இருக்கட்டும், எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் 'அல்லது' என்பது சரிபாதி ஆகாது. முகம் ஒன்று, பார்வையின் திசை இரண்டு, குடத்திலிருந்து டொடோனா வரை தொடரும் வடிவம் மூன்று. உங்கள் பக்கம் ஒரு நகரத்தின் காசு. அதே காலத்தில், முழு உருவத்தில், தலை மட்டத்தில் திரிசூலம் ஓங்கும் பொசைடன் ஒன்றைக் காட்டுங்கள், எடையை மாற்றி வைக்கிறேன்.