வலசைக்காலக் குழு நடையில் உங்களை விட்டுப் போகாத ஒரு காட்சி: பகிருங்கள்

புதர்ச்சிட்டு:

மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பறவை பார்க்கப் பதினான்கு பேர் போனோம். முந்தைய இரவு நல்ல மழை. இருட்டில் மழையில் மாட்டிய பறவைகள் விடியும்போது கிடைத்த இடத்தில் இறங்கிவிடும் என்பதால் எல்லோருக்கும் ஒரே ஆர்வம். ஏழு மணிக்குள் ஆறுமணிக்குருவி ஒன்று, குளக்கரை முள்புதருக்கு அடியில், தரையில். முதலில் பார்த்தது நான். கை காட்டியதும் நான்தான்.

வடக்கே கூடு கட்டி முடித்து, இரவு இரவாகப் பறந்து தெற்கே வரும் பறவை அது. இறக்கை லேசாகத் தொங்கியிருந்தது. அலகுக்கு முன்னால் எறும்பு ஊர்ந்தது, கொத்தவில்லை. கண்ணை மூடி மூடித் திறந்தது.

ஒருவர் வயிற்றுச் சிவப்பு தெரியவில்லை என்று இரண்டடி முன்னால் போனார். அவர் மறைக்கிறார் என்று இன்னொருவர் பக்கவாட்டில் நகர்ந்தார். யாரும் விரட்டவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் புதரைச் சுற்றி முக்கால் வட்டம் ஆகிவிட்டது. அப்புறம் யாரோ போனில் அதன் குரலைப் போட்டார்கள். மிச்சமிருந்த ஒரே பக்கம் வெட்டவெளி. அந்தப் பக்கமாகத் தாழ்வாகப் பறந்தது. மூன்று காகங்கள் பின்னாலேயே போயின. இறக்கையின் நீலம் கரைக்கு அப்பால் இறங்குவதைப் பார்த்தேன். அதன்பின் காகச் சத்தம் மட்டும்தான். நான் போய்ப் பார்க்கவில்லை.

பட்டியலில் ஆறுமணிக்குருவி, எண்ணிக்கை 1 என்று ஏற்றினோம்.

நெடுங்காலன்:

குரல் போட்டவர் மேல் மட்டும் பழி போடுவதை ஏற்க முடியவில்லை. எங்கள் குழுவில் அதற்கு எப்போதோ தடை போட்டாயிற்று. அப்படியும் நாங்கள் கெடுத்திருக்கிறோம்.

சேற்றுத் திட்டில் உள்ளான்கள், சிறு கரைப்பறவைகள், நூறு இருக்கும். அதில் ஒன்றின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய சிறு பிளாஸ்டிக் கொடி. கொடியின் நிறத்தை வைத்து எங்கே மாட்டினார்கள் என்று தெரிந்துகொள்ளலாம், எழுத்தையும் படித்துவிட்டால் எந்தப் பறவை என்றே தெரிந்துவிடும். ஸ்கோப்பில் மூன்று எழுத்தில் இரண்டைப் படித்துவிட்டேன். மூன்றாவது எழுத்துக்கு அது கொஞ்சம் திரும்ப வேண்டும். திரும்பிக்கொண்டே இருந்தது. பின்னால் யாரோ ஒருவர் குடையை விரித்தார். படக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நூறும் ஒரே துணியை உதறினாற்போல் எழுந்து போயின.

2022-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய இளம் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்தது நமக்கெல்லாம் தெரியும். அதன் முதுகில் கருவி இருந்தது. பெரும்பாலான பறவைகளுக்கு அது கிடையாது. யாராவது ஒருவர் கொடியைப் படித்துச் சொன்னால்தான் அது உயிரோடு இருக்கும் செய்தியே போய்ச் சேரும். இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல?

பனிவிழுது:

என்னுடையது பறவையைப் பற்றியது இல்லை. பரவாயில்லையா?

எங்களுக்கெல்லாம் கதிர்க்குருவிகளைக் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். வலசைப் பருவத்தில் முதல் பச்சைக் கதிர்க்குருவி வந்துவிட்டதை எப்போதும் அவர்தான் சொல்வார். உருவத்தை நம்பாதே, எல்லாமே பச்சையாகத்தான் இருக்கும், குரலைப் பிடி என்பார். இந்த வருடம் நடையின் பாதியில் ஒரு மரத்தடியில் நின்று, "இன்னும் வரவில்லை போலிருக்கிறதே" என்றார்.

அது அவர் தலைக்கு நேர் மேலே கத்திக்கொண்டிருந்தது. சீ-விட், சீ-விட் என்று, விடாமல்.

வயதானால் மெல்லிய, உச்சமான ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும் என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு, எதிரே நின்று பார்ப்பது வேறு. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். "இல்லை ஐயா, அடுத்த வாரம் வந்துவிடும்" என்றேன்.

அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

நீர்க்கரை:

நெடுங்காலன், புதர்ச்சிட்டு யார்மேலும் பழி போடவில்லை. மறுபடி படியுங்கள். கை காட்டியது நான் என்றுதான் எழுதியிருக்கிறார்.

எனக்கும் ஒருமுறை சோர்ந்துபோன ஈப்பிடிப்பான் ஒன்று காலடி தூரத்தில் வந்து உட்கார்ந்தது. இருபது நிமிடம் அசையாமல் நின்றேன், அது பூச்சி பிடித்துத் தின்றுவிட்டுப் போனது. என் கதை அவ்வளவுதான். ஆனால் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

வலசையில் இறங்கும் பறவைக்குத் தேவை இரண்டே: ஓய்வு, தீனி. உடம்பில் சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் வந்திருக்கிறது. அதை ஒருமுறை கிளப்பினாலும் அந்தக் கணக்கில்தான் கழியும். தின்பதை நிறுத்தினாலோ, கழுத்தை நீட்டினாலோ, உடலைத் தரையோடு ஒட்டினாலோ அது நம்மைக் கவனித்துவிட்டது என்று பொருள். அங்கேயே நிற்பது போதாது, பின்வாங்க வேண்டும். புதரை ஒரே பக்கத்திலிருந்து மட்டும் பாருங்கள். அடர்ந்த பக்கம் எப்போதும் பறவைக்கு. புறப்படும் முன்பே ஒருவரைப் பின்னால் நிற்க வையுங்கள், அவர் வேலை பறவையைப் பார்ப்பதல்ல, ஆட்களைப் பார்ப்பது.

கரைப்பறவை பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. பல உள்ளான் இனங்களில் பெரியவை முதலில் கிளம்பிவிடும், அந்த வருடக் குஞ்சுகள் வழிகாட்ட யாரும் இல்லாமல் பின்னால் வரும். முதுகு இறகுகளின் ஓரம் வெளுத்து, செதில் அடுக்கியதுபோல் இருந்தால் அநேகமாகக் குஞ்சு. அது போகும் முதல் பயணம் அதுதான். அதைப் பார்க்கும்போது குரலைத் தாழ்த்துங்கள். வீட்டிலும் தேவையில்லாத வெளிவிளக்கை இரவில் அணையுங்கள், வெளிச்சத்தில் குழம்பிக் கண்ணாடியில் மோதிச் சாகின்றன.

பனிவிழுது, அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவருக்கே தெரிந்திருக்கும்.

புதர்ச்சிட்டு:

நன்றி. பின்னால் ஒருவர் என்பதை எங்கள் குழுவில் சொல்லிவிட்டேன், அடுத்த நடையில் நான்தான் அது. கரைக்கு அப்பால் நேற்று தனியாகப் போய்ப் பார்த்தேன். இவ்வளவு நாள் கழித்து என்ன இருக்கும்? ஆவாரம்புதரும் சருகும்தான். கொஞ்ச நேரம் சருகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பனிவிழுது:

நீர்க்கரை, நேற்று போன் செய்தேன். சொல்ல வாய் வரவில்லை. அவரே, "அன்றைக்கு அந்த மரத்தில் இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. அப்புறம், "எத்தனை?" என்றார்.

ஒன்று, ஐயா.

ஞாயிறு நடைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். என் பக்கத்தில் நிற்பாராம், கேட்கும்போதெல்லாம் அவர் தோளைத் தொட வேண்டுமாம்.