டிராகன்களின் வம்சம்: நெருப்பைப் பார்த்துப் பிரிப்பதா, எலும்பைப் பார்த்துப் பிரிப்பதா?

வான்கதவு:
நான் எழுதிக்கொண்டிருக்கும் தொடர்கதை ஏழுகுளநாடு என்ற கற்பனை உலகத்தில் நடக்கிறது. நிலம் இலங்கையின் வடக்கில் உள்ள எங்கள் வன்னி மாதிரித்தான். பாலையும் வீரையும் முதிரையும் நிறைந்த வறண்ட காடு, ஆற்றை மறித்துக் கட்டிய பெருங்குளங்கள், மாரியில் குளம் நிரம்பி வான் (மிகைநீர்) பாயும், ஆடியில் தரை வெடிக்கும். அங்கே நாலு வகை டிராகன்கள் இருக்கின்றன.

குளத்தான்: நாலு கால், சிறகு இல்லை, பகலில் அலைகரையில் கிடக்கும். சிறகன்: பின்னங்கால் இரண்டு, முன்னங்கால்கள் தோல் சிறகாக மாறியவை. ஆறவயவன்: நாலு காலும் உண்டு, முதுகில் தனியாக இரண்டு சிறகும் உண்டு. நாகன்: கால் இல்லை, படம் எடுக்கும், புற்றில் வாழும்.

நாலையும் ஒரே குடும்பத்தில் போட்டிருக்கிறேன். நாலுக்கும் கீழ்த்தாடைக்குப் பின்னால் நெருப்புப் பை உண்டு. அந்த உலகத்தில் வேறெந்த விலங்குக்கும் அது கிடையாது. கால் கூடலாம் குறையலாம், நெருப்பு இருந்தால் அது டிராகன். இந்தப் பாகுபாடு நிற்குமா? கதையில் ஒரு வைத்தியர் இதை ஏட்டில் எழுதி வைக்கிறார், அதனால் எனக்கு இது முக்கியம்.

முதிரைக்காடு:
நிற்காது தம்பி. ஏன் என்று வடிவாகச் சொல்கிறேன்.

இரணைமடுக் குளக்கட்டில் விடியப்புறம் ஒருக்கால் நின்று பாருங்கள். தண்ணீர் வற்றின பக்கத்தில் முதலை வாயைத் திறந்தபடி கிடக்கும். கட்டுக் கல்லுகளுக்கிடையில் உடும்பு தலையை நீட்டி இரண்டாகப் பிளந்த நாக்கை வெளியே விட்டு இழுக்கும். தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரத்தில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைக்கும். இந்த மூன்றில் எந்த இரண்டும் கிட்டின சொந்தம் என்று கேட்டால் எல்லாரும் முதலையும் உடும்பும் என்பார்கள். செதில், நாலு கால், நீண்ட வால், தரையோடு இழுபடும் வயிறு. ஆனால் முதலைக்குக் கிட்டின சொந்தம் நீர்க்காகம். பறவையின் வழியும் முதலையின் வழியும் பிரிந்து ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகள். உடும்பின் வழி அதற்கும் முன்பே பிரிந்துவிட்டது.

சாட்சி உடம்புக்குள்ளே இருக்கிறது. முதலையின் இதயத்துக்குப் பறவையைப் போல நாலு அறை, உடும்புக்கு மூன்று. முதலையின் பல் தாடைக் குழிக்குள் இறங்கி நிற்கும், ஆதிப் பறவைகளுக்கும் அப்படித்தான். முதலைக் குஞ்சு முட்டைக்குள் இருந்தே சத்தம் போட, தாய் வந்து கூட்டைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் வைத்துத் தண்ணீருக்குக் கொண்டுபோகும். உடும்பு அப்படிக் குஞ்சைத் தூக்கித் திரியாது.

வெளித்தோற்றத்தை நம்பி ஏட்டை எழுதினால் உங்கள் வைத்தியர் முதலையையும் உடும்பையும் ஒரே வரியில்தான் போடுவார்.

வான்கதவு:
சேர், நான் வெளித்தோற்றத்தை வைத்துப் பிரிக்கவில்லையே. நெருப்புப் பையும் உடம்புக்குள்ளே இருக்கிற உறுப்புத்தான். பை, குழாய், அடைப்பிதழ், பொறி தட்டும் பல் என்று இவ்வளவு சிக்கலான ஒன்று நாலு தடவை தனித்தனியாகத் தோன்றுமா? ஒரே மூதாதையிடமிருந்து வந்தது என்பதுதான் இயல்பான விளக்கம்.

முதிரைக்காடு:
தோன்றும். முதுகெலும்புள்ள விலங்குகளான முள்ளந்தண்டுளிகளில் சிறகடித்துப் பறப்பது மூன்று தடவை தனித்தனியாகத் தோன்றியது. பறக்கும் ஊர்வனவான டெரோசோர்கள் 22 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பறந்தன. பிறகு பறவைகள். வௌவாலின் மிகப் பழைய உயிர்ச்சுவடுகளுக்கு 5 கோடி ஆண்டுக்குச் சற்று மேல்தான் வயது. மின்சாரம் பாய்ச்சும் உறுப்பு மீன்களில் குறைந்தது ஆறு தடவை வெவ்வேறு வழிகளில் வந்திருக்கிறது.

மூன்று சிறகையும் பிரித்துப் பாருங்கள். டெரோசோர் நாலாவது விரல் ஒன்றை மட்டும் நீட்டி அதில் தோலைக் கட்டியது. வௌவால் நாலு விரலையும் விரித்தது. பறவை விரல்களைச் சுருக்கிவிட்டு இறகை வளர்த்தது. வேலை ஒன்று, கட்டுமானம் மூன்று. அதே மாதிரி நெருப்புப் பையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குளத்தானின் பை எந்தச் சுரப்பியிலிருந்து வந்தது? நாகனின் பை உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வந்திருந்தால் அது பாம்பின் விஷப்பை வந்த வழி. குளத்தானின் பை குடல்வாயுவைத் தேக்கும் தொண்டைப் பை என்றால் இரண்டும் வேறு உறுப்பு. இதை எழுதாமல் குடும்பப் பெயர் வைக்கக்கூடாது.

தட்டாம்பூச்சி:
நான் உயர்தர உயிரியல் மாணவி. அண்ணை, நெருப்பை விடப் பெரிய பிரச்சினை உங்கள் ஆறவயவன்தான். தவளை, பல்லி, பறவை, மாடு, மனிதர் எல்லாருக்கும் நாலு அவயவம். ஏனென்றால் கரைக்கு ஏறிய மீனுக்கு இரண்டு சோடித் துடுப்பு. பாம்பு காலை இழந்தது, திமிங்கிலம் பின்னங்காலை இழந்தது. குறைவது சுலபம். ஐந்தாவது, ஆறாவது அவயவம் எந்த முள்ளந்தண்டுளிக்கும் வழிவழியாக வந்ததில்லை.

அப்படியானால் அந்தச் சிறகு எங்கிருந்து வந்தது? ஒரு வழி விலா எலும்பு. தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் பறக்கும் ஓணான் இருக்கிறது, எங்கள் தீவில் இல்லை. அது விலா எலும்புகளைப் பக்கவாட்டில் நீட்டி, நடுவில் உள்ள தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கும். நாலு காலும் அப்படியே இருக்கும். ஆனால் அதனால் சிறகடிக்க முடியாது, தோள்மூட்டு வேண்டுமே.

மற்ற வழி, ஆறு துடுப்பு மீன். அதை எடுத்தால் விளைவைப் பாருங்கள். ஆறவயவனின் வழி மீன் காலத்திலேயே பிரிந்திருக்க வேண்டும். அப்போது குளத்தானுக்கு எருமை கிட்டின சொந்தம், ஆறவயவன் அதைவிடத் தூரத்துச் சொந்தம். ஒரே குடும்பம் என்ற கதை அங்கேயே உடைந்துவிடும்.

வான்கதவு:
தங்கச்சி, மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. முன்னங்கால் முளைக்கும் கட்டளை முளையத்தில் இரண்டு தடவை கிடைத்தால்? பரம்பரையலகு (ஜீன்) இரட்டிப்பது நடக்கிற காரியம்தானே.

தட்டாம்பூச்சி:
கால் முளைக்கும், வேலை செய்யாது. வட அமெரிக்காவில் ஓர் ஒட்டுண்ணிப் புழு வால்பேத்தைகளைத் தொற்றினால் தவளைக்கு மேலதிகக் கால்கள் வளர்கின்றன. அவை சும்மா தொங்கும், ஓடவும் தடை. ஒரு சோடி புதிதாக வேலை செய்ய வேண்டுமென்றால் தோளெலும்பு, தசை, நரம்பு, இரத்தக் குழாய் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். அவ்வளவும் ஒரு தலைமுறையில் வராது. இடைப்பட்ட தலைமுறைகளுக்கு அந்த முண்டு என்ன பயன் தந்தது என்று நீங்கள் சொல்ல வேண்டும் அண்ணை.

பட்டியடி:
குறுக்கே வருகிறேன். நீங்கள் மூன்று பேரும் கதைப்பது இந்த உலகத்து ஆய்வுகூடத்துக்குச் சரி. ஏழுகுளநாட்டில் ஆய்வுகூடம் இல்லை. அங்கே பட்டி வைத்திருப்பவன், காவல் பரணில் இரவு முழுக்க இருப்பவன், விஷகடி வைத்தியர், இவர்கள்தான் பெயர் வைப்பார்கள். எங்கள் ஊர்ப் பரியாரிமார் கடிவாயையும் நோயாளியையும் பார்த்தே கடித்த பாம்பு புடையனா விரியனா என்று பிரிப்பார்கள். புடையன் கடித்தால் இரத்தம் உறையாது, முரசில் (பல் ஈறில்) கசியும். எட்டடி விரியன் கடித்தால் வலி பெரிதாக இராது, கண்ணிமை சரிந்து மூச்சு அடங்கும். உயிரைக் காப்பாற்றிய பாகுபாடு அது. எந்த டிராகன் கன்றைத் தூக்கும், எது கட்டைத் துளைத்துக் குளத்தை உடைக்கும், எது வந்தால் மழை வரும் என்று பிரிப்பதுதான் அந்த உலகத்துக்கு உண்மை. அதை மட்டமாக நினைக்க வேண்டாம்.

முதிரைக்காடு:
மட்டமாக நினைக்கவில்லை அண்ணை. பரியாரியின் கண் எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கண் வம்சம் என்று சொல்லும்போது பிசகுகிறது. நாகமும் சாரையும் பிணையும் என்று எங்கள் சனம் இன்றைக்கும் சொல்கிறது. தலையை நிமிர்த்திக்கொண்டு முறுக்கிப் பிணைந்து நிற்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். பெண்ணுக்காக மல்லுக்கட்டுகின்றன. பார்த்தது சரி, அதிலிருந்து கட்டிய உறவு பிழை. நோய்க்குப் பிரிப்பது ஒரு கணக்கு, பிறப்புக்குப் பிரிப்பது வேறு கணக்கு. வான்கதவுத் தம்பி கேட்டது பிறப்பை.

உயிரினங்களை வகைப்படுத்திப் பெயர் வைத்த சுவீடன் விஞ்ஞானி லின்னேயஸுக்கும் இதே சிக்கல் வந்தது. 1735 இல் ஹம்பர்க் நகரத்தில் ஏழு தலை ஹைட்ரா என்று ஒரு பாடம் செய்த விலங்கை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் போய்த் தாடையையும் பாதத்தையும் பார்த்தார். பார்வைக்குக் கீரி மாதிரி இருக்கும் வீசல் என்ற விலங்கின் தலைகளைப் பாம்புத் தோலில் பொருத்திய வேலை அது. அதே ஆண்டு வந்த தன் நூலில் டிராகனையும் நம்பத்தகாத விலங்குகளின் பட்டியலில்தான் வைத்தார். ஒரு பல்லும் ஒரு பாதமும் முழு உருவத்தைவிட அதிகம் சொல்லும்.

பட்டியடி:
அப்படியானால் வைத்தியர் செத்த டிராகன் ஒன்றை அறுத்துப் பார்க்கட்டும். குளம் வற்றின ஆடி மாதத்தில் சேற்றில் எலும்பு கிடைக்கும்தானே. ஆனால் பெயரை மாட்டுக்காரன் வைத்தபடியே விடுங்கள். அதில் நான் அசையமாட்டேன்.

தட்டாம்பூச்சி:
அது நல்ல யோசனை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆறவயவன் எருமையைத் தூக்கிக்கொண்டு பறப்பதாக முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. நீளம் இரண்டு மடங்கானால் சிறகின் பரப்பு நாலு மடங்கு, நிறை எட்டு மடங்கு. இதுவரை தெரிந்த மிகப் பெரிய பறக்கும் விலங்குகளில் ஒன்றான கெட்சல்கோட்லஸுக்குச் சிறகு விரிப்பு 10 மீற்றர் அளவு, நிறை 200 முதல் 250 கிலோ என்று கணிக்கிறார்கள். எருமையே அதைவிடப் பாரம். கன்றைத் தூக்குவதும் கஷ்டம்.

வான்கதவு:
எருமையை எடுத்துவிடுகிறேன். மரையும் வேண்டாம், முயல் போதும்.

வம்ச மரத்தைப் பற்றி என் முடிவு இது. குளத்தானும் சிறகனும் ஒரே கிளை. இரண்டுக்கும் குழிப்பல், நாலறை இதயம், குஞ்சை வாயில் தூக்கும் தாய். நெருப்புப் பை இரண்டிலும் ஒரே தொண்டைப் பை. குளச் சேற்றில் குமிழிவிடும் அதே சதுப்புவாயு அவற்றின் குடலில் ஊறிப் பைக்கு ஏறும். ஆறவயவன் ஆறு துடுப்பு மீனின் வம்சம். அதன் நெருப்பு வாயு அல்ல, குண்டுவண்டு (bombardier beetle) செய்வது போல இரண்டு திரவத்தைக் கலந்து பீச்சும் கொதிநீர். வைத்தியர் இதைத் தொட்டுப் பார்த்துக் கை வெந்துதான் அறிவார்.

நாகனை மட்டும் நான் விடமாட்டேன். அது குளத்தானின் கிளையில்தான் இருக்கும்.

முதிரைக்காடு:
மற்றதெல்லாம் சரி. நாகனுக்கு என்ன சாட்சி? பிளந்த நாக்கும் அகலத் திறக்கும் தாடையும் அதைப் பாம்பு, உடும்பு பக்கம் இழுக்கின்றன. கால் இல்லாமை சாட்சி ஆகாது. பல்லி இனத்தில் கால் எத்தனையோ தடவை தனித்தனியாகப் போயிருக்கிறது. எங்கள் தீவிலேயே நெசியா என்று மண்ணுக்குள் வாழும் அரணைகள் இருக்கின்றன. சிலவற்றுக்குச் சின்னக் கால், சிலவற்றுக்குக் காலே இல்லை.

வான்கதவு:
சாட்சி கழிவாயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது சேர். வெங்கிணாந்தியை (மலைப்பாம்பை) புரட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் நகம் மாதிரி ஒரு முள் தெரியும், அது பின்னங்காலின் மிச்சம். நாகனுக்கும் அந்த முள் உண்டு. உள்ளே இருக்கும் கணுக்கால் எலும்பு குளத்தானுடைய கணுக்கால் மாதிரியே இருக்கும். பல்லும் குழிக்குள்தான் நிற்கும். நாக்கு பிறகு பிளந்தது, புற்றுக்குள் வாசம் பிடித்து வாழ்ந்ததால்.

முதிரைக்காடு:
கணுக்கால் அப்படி இருந்தால் நாக்கை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். ஆனால் தாடைக்குப் பதில் இன்னும் வரவில்லை. முதலை வழி மண்டையோடு இறுகிப் பூட்டியது. அதிலிருந்து கன்றை விழுங்கும் தாடை எப்படி வந்தது?

பட்டியடி:
விழுங்காதே, கடித்துக் கிழித்துத் தின்னட்டும். நாகன் கன்று விழுங்கினதாக எந்தப் பட்டிக்காரனும் சொல்லவில்லையே?

வான்கதவு:
சொல்லவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் அது ஆட்டுக்குட்டியைக் கிழித்துத்தான் தின்கிறது. சேர், தாடை இறுகியே இருக்கட்டும். இனி நாகனைக் குளத்தானோடு விடுவீர்களா?

முதிரைக்காடு:
மண்டையோட்டை வரைந்து போடுங்கள். கண்ணுக்குப் பின்னால் எத்தனை துளை, எந்த எலும்பு எதோடு பொருந்துகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.