60,000 கி.மீ. ஓடின பெரிய டூரிங் வண்டி: நம்பி எடுக்கலாமா?

காட்பாடி:
1200 சிசி, ரெண்டு சிலிண்டர், ஷாஃப்ட் டிரைவ் (செயினுக்குப் பதிலா தண்டு பின்சக்கரத்தைச் சுத்துறது) டூரிங் வண்டி ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. எஞ்சின் சத்தம் சுத்தமா இருக்கு. பெங்களூரு ஹைவே, ஏலகிரின்னு அடிக்கடி ஓடணும். எதைப் பார்த்து எடுக்கலாம்?

சத்துவாச்சாரி:
அண்ணா, இந்த மாதிரி வண்டியில எஞ்சினைவிட சார்ஜிங்தான் முதல்ல பார்க்கணும். மல்டிமீட்டர் கொண்டு போங்க. ராத்திரி முழுக்க நின்ன பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும். ஸ்டார்ட் பண்ணி 4,000 ஆர்பிஎம் வெச்சா 13.8 முதல் 14.5 வரைக்கும். 13-ஐத் தாண்டலைன்னா ஸ்டேட்டர் (கரண்ட் உண்டாக்கற காயில்), ரெகுலேட்டர் (வோல்ட்டைக் கட்டுப்படுத்துறது), நடுவுல வயரை இணைக்கற கப்ளர், இந்த மூணுல ஒண்ணு பழுது. 15-க்கு மேல போனா ரெகுலேட்டரேதான். கப்ளரைக் கழட்டிப் பாருங்க. வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் இளகியிருந்தா பின் லூஸாகிச் சூடேறியிருக்கு. ரெகுலேட்டரை மட்டும் மாத்தி அந்தக் கப்ளரையே மாட்டினா புதுசும் போயிடும்.

அப்புறம், மத்தியானம் 10 நிமிஷம் ஐடிலில் விடுங்க. ரேடியேட்டர் ஃபேன் ஓடி, சூட்டைக் குறைச்சுட்டுத் தானா நிக்கணும். அக்னி நட்சத்திரத்துல வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னலைத் தாண்ட இது ரொம்ப முக்கியம்.

பாகாயம்:
ஷாஃப்ட்டை விட்டுட்டீங்களே. ஃபைனல் டிரைவ், அதாவது பின்சக்கரத்துகிட்ட இருக்கற கியர் பெட்டியோட டிரெயின் போல்ட்டை (ஆயில் வடிக்கற போல்ட்) கழட்டினா காந்த முனையில சாம்பல் நிற மை மாதிரி ஒட்டியிருக்கும், அது சகஜம். நகத்துல உரசுற அளவுக்குச் செதில் வந்தா பேரிங் தேயுது, வண்டி வேண்டாம். டயர் ஓரத்துல கடைசி நாலு எண்ணையும் பாருங்க: 2219-ன்னா 2019-ல 22-வது வாரம் தயாரானது. டயர் பட்டன் தேயாம நல்லா இருந்தாலும் பழைய ரப்பர் இறுகியிருக்கும், ஏலகிரியோட 14 கொண்டை ஊசிக்கும் அதை நம்பாதீங்க.

காட்பாடி:
பிரேக் ஆயில்?

பாகாயம்:
2 வருஷத்துக்கு ஒருமுறை. டீ கலர்ல இருந்தா உடனே.