95 பெற்றோல் அடித்தவர்கள் சொல்லுங்கோ: கூடக் கொடுத்த காசுக்கு என்ன கண்டீர்கள்?

பரந்தன் ரீச்சர்:

கனநாளாக மனதில் கிடக்கிற விடயம். விசுவமடுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டியில் போய் வருகிறேன். கிழமைக்கு 5 லீற்றர் போகும். கணவரின் தம்பி, "அண்ணி, 95 அடியுங்கோ, எஞ்சின் கனகாலம் இருக்கும்" என்று சொன்னதில் இருந்து ஆறு மாதம் அதைத்தான் அடித்தேன். செட்டில் 92, 95 என்று இரண்டு பெற்றோல், 95க்கு லீற்றருக்கு 60 ரூபாவுக்கு மேல் கூட இருந்த நேரம். மாதம் 1,200 ரூபாவுக்கு மேல் கூடப் போனது.

ஒருநாள் பின்னேரம் பெற்றோல் செட்டில் வயதான ஒரு ஐயா நின்றார். குழாயைக் கையில் எடுத்தவர் ஸ்கூட்டியைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதுக்கு 92 காணும்" என்றார். பின்னால் நாலைந்து பேர் நிற்கிறார்கள். என்னிடம் காசு இல்லை என்று நினைக்கிறாரோ என்று எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "நான் கேட்டதை அடியுங்கோ" என்று கொஞ்சம் உரத்தே சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடித்து முடித்து, மூடியையும் அவரே பூட்டி, சிந்தின துளியைத் தன் தோளில் கிடந்த துணியால் துடைத்துவிட்டார். அவர் அப்படித் துடைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அவர் சொன்னது சரியா? பாவித்தவர்கள் சொல்லுங்கோ.

முத்தையன்கட்டுக்காரன்:

ரீச்சர், நான் 95 கட்சி. காரணம் பழையது.

யுத்தத்தில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். அப்பாவிடம் எம்டி 90 மோட்டார் சைக்கிள் ஒன்று. பெற்றோல் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் இருக்கும், ஸ்டார்ட் எடுக்க மட்டும். சூடேறின பிறகு மண்ணெண்ணெய்தான். அந்த மணமும் புகையும் அந்தக் காலத்து ஆட்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மண்ணெண்ணெய்யில் ஓடினால் எஞ்சின் நொக் அடிக்கும், உள்ளே தட்டுகிற சத்தம் வரும். அதைக் குறைக்க ஹெட்டுக்குக் கீழே கெஸ்கட் இரண்டு போட்டு அமுக்கத்தைக் குறைத்துத் தருவார்கள். அப்படியும் அடிக்கும்.

1998. மாமாவைப் பாம்பு கடித்த இரவு. அப்பா ஓட்ட, நடுவில் மாமா, பின்னால் நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். ஒட்டுசுட்டான் தாண்டிப் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மூன்று பேரின் பாரம், மணல் ரோட்டு. அப்பா முறுக்கின உடனே எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுகிற மாதிரி டக், டக், டக். உடனே கையைத் தளர்த்துவார். சத்தம் நிற்கும். திரும்ப முறுக்குவார், திரும்ப டக் டக். பறக்கவேண்டிய நேரத்தில் எஞ்சின் உடைந்துவிடும் என்று பயந்து ஊர்ந்துகொண்டு போனோம். ரோட்டைப் பார்க்கவேண்டிய மனுசன் தலையைப் பெற்றோல் ராங்கிப் பக்கம் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

மாமா பிழைத்துவிட்டார். ஆனால் அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. என் பல்சர் மோட்டார் சைக்கிளுக்கு எப்போதும் 95தான். தேவையில்லை என்று யார் சொன்னாலும் எனக்கு அது தேவை.

மாங்குளம் கராஜ்:

முத்தையன்கட்டு அண்ணை, உங்கள் கதையை மதிக்கிறேன், முடிவை ஏற்கமாட்டேன். அன்றைக்கு நீங்கள் கேட்டது மண்ணெண்ணெய்யின் நொக். மண்ணெண்ணெய்யின் ஒக்டேன், அதாவது நொக்கைத் தாங்குகிற அளவு, பெற்றோலை விட மிகவும் கீழே. அதோடு 92ஐ ஒப்பிடக்கூடாது.

என் அனுபவம் சின்னது. ஒருவர் வகன்ஆர் கார் கொண்டுவந்தார். "ஒரு வருசமாக 95 அடிக்கிறேன் தம்பி, பிக்கப் வருதில்லை." எயார் ஃபில்டரைக் கழற்றிப் பேப்பரில் தட்டினேன். எங்கள் கிரவல் ரோட்டுச் செம்புழுதி ஒரு கைப்பிடி விழுந்தது. அவர் அந்தப் புழுதியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு ஃபில்டரின் விலையைப் போல எத்தனை மடங்கைப் பெற்றோலில் கொட்டியிருப்பார்!

ரீச்சர், இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் கராஜுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது பிழையாகத்தான் தெரியும். 95 என்றால் 92ஐ விடப் பலம் கூடியது என்று நினைக்கிறார்கள். இல்லை. சிலிண்டருக்குள் பெற்றோலும் காற்றும் அமுக்கப்படும்போது சூடேறும். பிளக்கில் இருந்து நெருப்பு பரவி வருவதற்குள் மிச்சக் கலவை தானாக வெடித்தால் அதுதான் நொக். அப்படித் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அந்த இலக்கம் சொல்கிறது. ஐசோ ஒக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 என்று வைத்துக்கொண்டு, சோதனை எஞ்சினில் ஒரு பெற்றோல் 92 பங்கு முதலாவதும் 8 பங்கு இரண்டாவதும் சேர்ந்த கலவை மாதிரி நடந்தால் அது 92. நொக் அடிக்காத எஞ்சினுக்கு அதற்கு மேல் கொடுத்து ஒரு பலனும் இல்லை.

ஜப்பான் வாகனத்துக்கு நல்ல பெற்றோல் வேண்டும் என்கிறார்களே, ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கு 89 இருந்தால் போதும். வகன்ஆர் அதற்காகவே செய்தது. எங்கள் 92 அதைவிட மேல். 2016இல் அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் சாதாரணப் பெற்றோலுக்கென்று செய்த கார்களில் பிரீமியம், அதாவது ஒக்டேன் கூடின பெற்றோல், ஊற்றிச் சோதித்தது. சக்தியும் கூடவில்லை, ஓட்டமும் கூடவில்லை.

மிச்சக் காசில் செய்யவேண்டிய வேலை எவ்வளவோ இருக்கிறது. ஃபில்டரை அடிக்கடி தட்டுங்கோ, எங்கள் புழுதிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீற்றர் சரிவராது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கோ, கறுத்துக் கரி பிடித்திருந்தால் வருத்தம் வேறு இடத்தில். ரோட்டோரப் போத்தல் பெற்றோல் வேண்டாம், அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. மாரி காலத்தில் ராங்கியை அரைவாசியில் வைத்து நாள்கணக்காக விடாதீர்கள், உள்ளே ஈரம் பிடித்துத் தண்ணீர் அடியில் நிற்கும். 95 அடித்தாலும் அந்தத் தண்ணீர் போகாது. 92 அடித்தும் நொக் அடித்தால் ரைமிங்கையும், அதாவது பிளக் நெருப்பு விடுகிற நேரத்தையும், உள்ளே ஏறின கரியையும் பார்க்கவேண்டும்.

ஏ9 ஓட்டம்:

தம்பி, எல்லா வாகனமும் வகன்ஆர் இல்லை. நான் ஹயர் ஓடுகிறவன். ஒருவருடைய பெஜோ காரைக் கண்டிக்குக் கொண்டுபோனேன். பெற்றோல் மூடியின் உள்பக்கத்தில் 95 என்று ஒட்டியிருந்தது. இரவு, போன இடத்தில் 92தான் இருந்தது, அடித்துவிட்டேன். ஓமந்தை, வவுனியா, தம்புள்ளை வரைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நானும் சும்மா எழுதி ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மாத்தளை தாண்டி ஏற்றம் தொடங்கினது. உள்ளே ஐந்து பேர், ஏசி போட்டிருக்கு. அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்கக் கார் இழுக்கவில்லை. தகரப் பேணிக்குள் சில்லறை குலுக்குகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் வந்து வந்து நின்றது. பின்னால் லொறி ஹோர்ன் அடிக்கிறான். ஏசியை நிறுத்தி, கியரைக் குறைத்து ஏற்றினேன். அந்த ஐந்து நிமிசம் எனக்கு வேர்த்த வேர்வை!

பிறகுதான் சொன்னார்கள், அந்தக் காரில் நொக்கைக் கேட்கிற ஒரு சென்சர் இருக்கிறது, சத்தம் வந்தால் அதுவே ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும், அதனால்தான் இழுவை குறைந்தது என்று. எங்கள் வன்னியில் மேடும் இல்லை பள்ளமும் இல்லை. இங்கே ஓடிப் பார்த்துவிட்டு 95 தேவையில்லை என்று சொல்லக்கூடாது.

மாங்குளம் கராஜ்:

அண்ணை, மூடியில் 95 போட்ட வாகனத்துக்கு 95தான். நான் அதை மறுக்கவில்லையே. ஸ்கூட்டிக்கும் பல்சருக்கும்தான் சொன்னேன்.

இரணைமடுக் குளக்கட்டு:

எனக்கு ஒக்டேன் பற்றி வாதாட விருப்பமில்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

2022 ஆவணி. பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த புதிது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். விடிய நாலு மணிக்குப் போய் நின்றேன். எங்கள் முறை வரும்போது 92 முடிந்துவிட்டது, 95 மட்டும்தான். 92 லீற்றர் 450, 95 லீற்றர் 540. எனக்கு முன்னால் ஒரு ஐயா, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றோடு, ஹீரோ ஹொண்டா. கையில் மடித்து வைத்திருந்த காசு 1,900. 92 என்றால் 4 லீற்றருக்கு 1,800, கணக்குப் பார்த்துத்தான் கொண்டுவந்திருக்கிறார். 95 என்றால் 2,160. திரும்பத் திரும்ப எண்ணினார். பிறகு "3 லீற்றர் போடு தம்பி" என்றார். போடும்போது கேட்டார், "விலை கூடினது கனதூரம் ஓடுமோ? நாலின்ர ஓட்டத்தை மூண்டு ஓடுமோ?"

செட்டில் நின்ற பொடியன் "ஓடும் ஐயா" என்றான். ஆறுதலுக்குச் சொன்னான் என்றுதான் நினைக்கிறேன். ஓடாது என்று எனக்குத் தெரியும். அவருக்குக் குறைந்த 260 ரூபாவுக்கு மேல் என் பொக்கற்றில் இருந்தது, எனக்கும் அந்தக் கிழமைக்கு வேண்டிய காசு அது. நான் பேசாமல் நின்றேன். அவர் அவன் சொன்னதை நம்பித் தலையாட்டிக்கொண்டு போனார். எங்கே எஞ்சின் நின்றதோ தெரியாது.

முத்தையன்கட்டுக்காரன்:

இதை வாசித்த பிறகு எனக்கு எழுத வரவில்லை. கராஜ் தம்பி, பல்சரைக் கொண்டுவருகிறேன். ஒரு ராங்கி 92 அடித்து, பின்னால் ஆளை ஏற்றி ஓடிப் பார்ப்போம். சத்தம் வந்தால் நான் 95தான்.

பரந்தன் ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. சீற்றுக்குக் கீழே கிடந்த புத்தகத்தை இன்றைக்குத்தான் எடுத்துப் பார்த்தேன். 91 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறது. ஆறு மாதம் அந்தப் புத்தகத்துக்கு மேலேயே இருந்து ஓட்டியிருக்கிறேன்.

பின்னேரம் செட்டுக்குப் போனேன். அந்த ஐயா நிற்கவில்லை, இந்தக் கிழமை அவருக்கு இரவு முறையாம். சனிக்கிழமை பகலில் நிற்பாராம், அன்றைக்குப் போய் அடிக்கிறேன்.