வென்ட் மூடியை மொறட்டுவையில் செய்விக்கலாமா? மரத்தரை வீட்டுக்குப் போனவர்களுக்கு

கேள்வி:
கல்யாணம் முடித்து கொழும்பில் இருந்து கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. இவர் முன்பே வாங்கி வைத்த பழைய வீடு. கீழ்த்தளம் முழுக்க மரத்தரை, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் தரையில் சூட்டுக்காற்று வருகிற துளைகளின் மேல் தகர மூடிகள், அரைவாசி துருப்பிடித்துக் கிடக்கின்றன. தை மாதம் அம்மா வருகிறார். தச்சு வேலைக்குப் பேர்போன மொறட்டுவையில் தேக்கில் பத்து மூடி செய்வித்து அம்மாவிடம் கொடுத்துவிடச் சொல்லலாமா? இங்கே கடை விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

பதில்:
வேண்டாம் தங்கச்சி. நான் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவன். கனடாவில் உங்கள் பக்கத்து மார்க்கம் நகரில் 11 வருடம் இருந்துவிட்டு இப்போது திரும்பவும் வெள்ளவத்தையில் இருக்கிறேன். அங்கே இருந்தபோது ஓர் ஆடி மாதம் ஊருக்கு வந்த இடத்தில், உங்களைப் போலவே கணக்குப் போட்டு, மொறட்டுவையில் ஓர் ஓடாவியிடம் தேக்கில் எட்டு மூடி செய்வித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனேன். வேலை என்றால் அதுதான் வேலை. நான்கு மூலையிலும் நகம்கூட நுழையாது. ஐப்பசியில் ஃபர்னஸ், அதாவது வீட்டுக்குச் சூட்டுக்காற்றுத் தள்ளுகிற இயந்திரம், ஓடத் தொடங்கியது. மாசி வருவதற்குள் மூலைகள் வாயைப் பிளந்துவிட்டன, மூன்று மூடிகளில் குறுக்குச் சட்டங்கள் கழன்று ஆடின, ஒன்று நடுவால் வெடித்தது.

ஓடாவியில் பிழை இல்லை. ஐப்பசி மழைக்கு அறைக்கதவு இறுகித் தோளால் இடித்துத் திறப்போமே, அதே சங்கதிதான், தலைகீழாக. கொழும்புக் காற்றில் ஈரப்பதன் பெரும்பாலும் 75 வீதத்துக்கு மேல். அந்தக் காற்றில் கிடக்கிற மரம் தன் உலர்ந்த எடையில் 14, 15 வீதம் அளவுக்குத் தண்ணீரை வைத்திருக்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற வீட்டில் ஈரப்பதன் 30 வீதத்துக்குக் கிட்ட இறங்கிவிடும். அங்கே அதே மரம் ஏறக்குறைய 6 வீதத்துக்குக் காய்ந்துவிடும். மரம் அகலத்தில்தான் சுருங்கும், நீளத்தில் சுருங்குவது இல்லை என்றே சொல்லலாம். சட்டம் கோத்த மூடியில் ஒன்று சுருங்க மற்றது சுருங்காமல் நின்றால் மூலை பிளக்காமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு வறண்ட சூட்டுக்காற்று அடியில் இருந்து நேராக அடிக்கிறது.

சூளையில் உலர்த்திய பலகையாகக் கேட்டு வாங்கலாமே என்று என் மச்சான் ஒருவர் சொன்னார். வாங்கலாம். ஆனால் செய்து முடித்து இங்கே ஒரு மாதம் அலுமாரிக்கு மேல் வைத்திருந்தால் மரம் விட்ட ஈரத்தைத் திரும்பவும் குடித்துவிடும்.

இன்னொன்று, உங்கள் தரை பெரும்பாலும் தேக்காக இருக்காது. அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் அதிகம் இருப்பது சிவப்பு ஓக். முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தகர மூடியைக் கழற்றி, துளையின் ஓரத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். தரைப்பலகையின் வெட்டுமுகம் அங்கே தெரியும். மேலிருந்து கீழ் வரை ஒரே மரம் என்றால் முழுப்பலகை, கனம் பெரும்பாலும் முக்கால் அங்குலம். மேலே மெல்லிய மரமும் கீழே ஒட்டுப்பலகை அடுக்கும் தெரிந்தால் எஞ்சினியர்ட் தரை. நடுவில் மரத்தூளை அழுத்தினது போல ஒரே கபில நிறம் என்றால் லாமினேட், மேலே இருப்பது வெறும் படம். லாமினேட் தரைக்கு எந்த மர மூடியும் சரியாக ஒத்துப்போகாது. அப்படியானால் நல்ல இரும்பு மூடி வாங்கிக் கறுப்பு நிறத்தில் போட்டுவிடுங்கள், பொருந்தாத மரத்தைவிட அது கண்ணுக்கு இதம்.

சிவப்பு ஓக்கா, வெள்ளை ஓக்கா என்று தெரிய வேண்டும் என்றால் ரேகையைப் பாருங்கள். சிவப்பில் இளஞ்சிவப்புச் சாயல், சின்னச் சின்னக் கீறல் போன்ற புள்ளிகள். வெள்ளையில் அந்தக் கீறல்கள் நீளம், நிறம் கொஞ்சம் கபிலம். இரண்டையும் மாற்றி வாங்கிவிட்டு எந்தச் சாயம் பூசினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அளவு எடுப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். மூடியின் வெளி ஓரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போகக் கூடாது. மூடியைக் கழற்றிவிட்டுத் தரையில் உள்ள துளையை அளக்க வேண்டும். கடையில் 4க்கு 10 என்று எழுதியிருப்பது துளையின் அங்குல அளவு, மூடி நாலு பக்கமும் அதைவிடப் பெரிதாக இருக்கும். 3க்கு 10, 4க்கு 10, 4க்கு 12 இவைதான் வழக்கமாகக் கிடைப்பவை. பழைய வீடு என்கிறீர்கள், அதனால் ஒரு துளையை அளந்துவிட்டுப் பத்து வாங்காதீர்கள். பத்தையும் அளந்து பாருங்கள்.

தரைக்குச் சமனாகப் பதிகிற மூடி அழகுதான், ஆனால் அது தரை போடும்போதே சேர்த்துப் பதிக்க வேண்டிய சாமான். போட்ட தரைக்கு, மேலே வைக்கிற வகையே போதும். விளிம்பு சில மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும், கால் பழகிவிடும்.

நிறத்துக்கு வருவோம். பூச்சு இல்லாத மூடியாக வாங்குவது நல்லது, விலையும் குறைவு. பழைய ஓக் தரையில் எண்ணெய் வகைப் பூச்சு இருந்தால் அது வருடக்கணக்கில் மஞ்சள் ஏறித் தேன் நிறத்துக்கு வந்திருக்கும். புது மூடிக்குத் தண்ணீர் வகைப் பூச்சு அடித்தால் வெளிறிப்போய் ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியும். நம் வீட்டுப் புதுப் பலாக் கதிரை மஞ்சளாக வந்து, போகப் போகக் கபிலமாவதில்லையா, அது மாதிரித்தான். செர்ரி மரமும் வெளிச்சம் பட்டுக் கறுக்கும். வால்நட் மட்டும் எதிர்மாறு, வெளுக்கும். எதைப் பூசினாலும் முதலில் மூடியின் பின்பக்கம் பூசிக் காயவிட்டுத் தரையில் வைத்துப் பாருங்கள், பகலில் ஒருமுறை, இரவு லைட்டில் ஒருமுறை. பேஸ்மென்டில் ஃபர்னஸ் பக்கம் தேடினால், முந்தின சொந்தக்காரர் மிச்சம் விட்ட தரைப்பலகை கிடைத்தாலும் கிடைக்கும். கிடைத்தால் அதிர்ஷ்டம், கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிடலாம். தரையைத் தேய்த்துப் புதுப்பூச்சு அடிக்கிற யோசனை இருந்தால், மூடிகளையும் அதே ஆளிடம் கொடுத்து அதே பூச்சை அடிக்கச் சொல்லுங்கள். அதைவிடப் பொருத்தம் வேறு எதிலும் வராது.

வாங்கிவந்த மூடிகளை உடனே பூசாமல் ஒரு கிழமை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள், மரம் உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும். பூசின பிறகு வாசம் முழுக்கப் போன பின்தான் துளையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபர்னஸ் அந்த மணத்தை வீடு முழுக்கப் பரிமாறும்.

கேள்வி:
நன்றி அண்ணா, அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹாலில் பெரிய துளை ஒன்று இருக்கிறது, அதில் காற்று வரவில்லை. அடைத்துவிட்டதா?

பதில்:
ஒரு டிஷ்யூ தாளைக் கிட்டப் பிடியுங்கள். தாள் மூடியில் ஒட்டிக்கொண்டால் அது காற்றை உள்ளே இழுக்கிற துளை. அறைக்காற்று அதன் வழியாகத்தான் ஃபர்னஸுக்குத் திரும்பிப் போகிறது. அதற்குத் திறந்து மூடுகிற தகடு வைத்த மூடி வாங்கக் கூடாது, சோபாவையும் மேலே தள்ளக் கூடாது. மர மூடிகளில் சட்டம் தடிப்பு என்பதால் காற்றுப் போகிற இடைவெளி தகர மூடியைவிடக் குறைந்திருக்கும். ஆகவே எப்போதும் குளிருகிற அறை ஒன்று இருந்தால் அதில் பழைய தகரத்தையே விட்டுவிடுங்கள்.

தண்ணீர் வாளி விஷயமும் சொல்ல வேண்டும். இங்கே டைல்ஸ் தரையில் ஊற்றித் தள்ளுவது போல அங்கே செய்ய வேண்டாம். பிழிந்த துணியால் துடைத்தால் போதும். ஊற்றினால் தரையும் ஊதும், குழாய்க்குள்ளும் போகும்.

கேள்வி:
சாமியறையிலும் ஒரு துளை இருக்கிறது, விளக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது.

பதில்:
எங்கள் வீட்டிலும் அதே கதை. அந்த மூடிக்கு மட்டும் தகடு வைத்தது வாங்கி, விளக்கு எரிகிற நேரம் மூடி வையுங்கள். பூசை முடிந்ததும் மறக்காமல் திறந்துவிடுங்கள். அடியில் மெல்லிய கம்பி வலை ஒன்றும் வெட்டிப் போடுங்கள். நாங்கள் வீட்டை விற்கிற நேரம் அந்தக் குழாயைச் சுத்தம் செய்ய வந்தவர், உள்ளே இருந்து திருநீற்றை அள்ளி எடுத்துவிட்டு இது என்ன சாம்பல் என்று பயந்துபோய்க் கேட்டார்.