முழு திராட்டில்ல மட்டும் சூடு அலாரம், ஆர்பிஎம்மும் 600 குறையுது: எங்கே தப்பு?

அலைமோதி:
வணக்கம். என்கிட்ட இருக்கறது 250 ஹெச்பி, வி6, நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது போட்டுக்குப் பின்னாடி மாட்டற இன்ஜின். 420 மணி ஓடியிருக்கு, எல்லாமே உப்புத்தண்ணியில. புதுசுல முழு திராட்டில்ல 5900 ஆர்பிஎம் தொடும். இப்போ 5300க்கு மேல ஏற மாட்டேங்குது. போன வாரம் பத்து நிமிஷம் விரட்டினதும் சூடு அலாரம் அடிச்சு, இன்ஜின் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கிச்சு. ஐடில்ல விட்டா ஒரு குறையும் இல்ல. பக்கத்து ஓட்டை வழியா, இன்ஜினைக் குளிர வைக்கற தண்ணியும் நல்லாத்தான் பீச்சுது. ஆயிலும் ஃபில்டரும் 100 மணிக்கு ஒரு தடவை மாத்திடுவேன், பிளக் புதுசு. இன்னும் 1000 மணியாவது இதுல ஓட்டணும்னு நினைச்சேன். இப்பவே மக்கர் பண்ணுது.

கிரீஸ்கை:
தம்பி, ரெண்டே கேள்வி. புரொப்பெல்லர் மாத்தினீங்களா? தண்ணி பம்புக்குள்ள சுத்தற ரப்பர் இறக்கைச் சக்கரம், அந்த இம்பெல்லர் கடைசியா எப்போ மாத்தினது?

அலைமோதி:
புரொப்பெல்லர் மூணு மாசம் முன்னாடி 19 பிட்ச்ல இருந்து 21க்கு மாத்தினேன் அண்ணா, டாப் ஸ்பீடு ஏறும்னு. ஏறல. இம்பெல்லரை வாங்கின நாள்ல இருந்து தொட்டதில்ல. 4 வருஷம் ஆச்சு. தண்ணிதான் பீச்சுதேன்னு விட்டுட்டேன்.

கிரீஸ்கை:
ஆர்பிஎம் கதை பாதி இங்கேயே தெரிஞ்சுபோச்சு. பிட்ச்னா புரொப்பெல்லர் ஒரு சுத்துக்கு முன்னேற வேண்டிய தூரம், அது ஒரு இன்ச் கூடினா ஏறக்குறைய 150ல இருந்து 200 ஆர்பிஎம் இறங்கும். உங்களுக்கு ரெண்டு இன்ச், அப்போ 300, 400 அங்கே போயிடுச்சு. மிச்சத்துக்கு போட் அடியைப் பாருங்க, கொட்டலசு (ஓடு மாதிரி ஒட்டிக்கற கடல் உயிரி) ஒட்டியிருக்கும்.

கார் சமதளத்துல ஓடும்போது இன்ஜின் பாதி தூக்கத்துல இருக்கும். போட்டுக்கு அந்த ஓய்வே கிடையாது, எப்பவும் மேடு ஏறிக்கிட்டே இருக்கற மாதிரிதான். அதுல பெரிய பிட்ச் போட்டா, டாப் கியர்லயே மலை ஏத்தற கணக்கு. சிலிண்டருக்குள்ள சூடும் அழுத்தமும் கூடும், நாக்கிங் (பெட்ரோல் முறை தப்பி வெடிக்கறது) வரும், பிஸ்டன் அடி வாங்கும். வழக்கமான ஆளும் எடையும் ஏத்தி முழு திராட்டில் கொடுங்க. மேனுவல்ல போட்டிருக்கற ஆர்பிஎம் வரம்போட மேல்பக்கம் நிக்கணும். நிக்கலேன்னா பிட்ச் தப்பு.

இன்னொண்ணு, புரொப்பெல்லர் இழுக்கற சக்தி ஆர்பிஎம்மோட மும்மடியில ஏறும். 80 சதவீத ஆர்பிஎம்ல ஓட்டினா முழு சக்தியில பாதிதான் செலவு. பயணத்தை அங்கே வச்சுக்கிட்டு, விரட்டறதை எப்பவாவது ஆசைக்கு வச்சுக்கங்க.

காற்றுப்பாய்:
சூட்டுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு? சூடானா திறந்து தண்ணி விடற வால்வு இருக்கே, அந்த தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிங்க. நான் ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓட்டறேன்.

கிரீஸ்கை:
உங்க டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கற கம்பியை) உருவி மோந்து பாருங்க சார். ஆயில் மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாடை அடிச்சா, குளிர்ந்த இன்ஜின்ல எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியா ஆயில்ல இறங்குதுன்னு அர்த்தம். பேரிங் அப்படித்தான் சாகும்.

தம்பி, பீச்சற தண்ணியை நம்பாதீங்க. அது பம்புல இருந்து வர்ற ஒரு கிளைக்குழாய், அவ்வளவுதான். தண்ணி ஏறுதுன்னு காட்டும், போதுமான அளவு ஏறுதான்னு காட்டாது. கீழ் யூனிட்டை (கியரும் தண்ணி பம்பும் இருக்கற அடிப்பகுதியை) இறக்கி இம்பெல்லரைக் கையில எடுத்து, இறக்கைகளை எண்ணுங்க.

அலைமோதி:
இன்னிக்கு இறக்கினேன். இறக்கை எல்லாம் ஒரே பக்கமா மடிஞ்சு அப்படியே விறைச்சிருக்கு. விரலால நிமிர்த்தினா திரும்பி மடங்குது. ரெண்டு இறக்கையில நுனியே இல்ல. ஒரு துண்டு தண்ணிக்குழாய் வாயில கிடந்துச்சு. இன்னொண்ணைக் காணோம்.

கிரீஸ்கை:
அது கிடைக்கற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. புது இம்பெல்லர் போட்டீங்கன்னா அதோட வேகத்துல துண்டு இன்னும் உள்ளே போய் அடைச்சுக்கும். தெர்மோஸ்டாட் மூடியைத் திறங்க. கிடைக்கலேன்னா குழாய்ல கீழ்நோக்கித் தண்ணி விட்டு அலசுங்க.

மாட்டும்போது கவனம்: டிரைவ் ஷாஃப்டை (இன்ஜின் சுழற்சியைக் கீழே கொண்டுபோற தண்டை) அது வழக்கமா சுத்தற திசையிலேயே திருப்பிக்கிட்டு பம்பு மூடியை இறக்குங்க, அப்பதான் இறக்கை சரியான பக்கம் மடியும். ஷாஃப்ட் பல்லுக்கு கிரீஸ் போடுங்க, ஆனா உச்சித் தலையில வேண்டாம். அங்கே கிரீஸ் தேங்கினா ஷாஃப்ட் முழுசா உள்ளே உட்காராது.

உப்புக்காற்று:
நடுவுல வர்றேன். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில எவ்வளவு நேரம் அலசறீங்க?

அலைமோதி:
ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும்.

உப்புக்காற்று:
பத்தாது. இன்ஜினை ஓடவிட்டு அலசற முறைன்னா தெர்மோஸ்டாட் திறக்கணும், இல்லேன்னா பிளாக்குக்குள்ள நல்ல தண்ணி சரியாப் போய்ச் சேராது. 10, 15 நிமிஷம் விடுங்க. சில மாடல்ல இன்ஜினை நிறுத்திட்டுத்தான் ஹோஸ் மாட்டணும், மேனுவலைப் பாருங்க. பிளாக்குக்கு உள்ளேயும் குட்டி ஆனோடு (இன்ஜினுக்குப் பதிலா தான் அரிச்சுக் கரையற உலோகத் துண்டு) இருக்கும். வெளியில இருக்கறதை மட்டும் மாத்திட்டு அதை மறந்துடறவங்கதான் நிறைய. பாதி கரைஞ்சதுமே மாத்திடுங்க. அது மேல பெயின்ட் அடிச்சா அது வேலையே செய்யாது.

அலைமோதி:
துண்டு தெர்மோஸ்டாட்டுக்குக் கீழேயே இருந்துச்சு! நகம் அளவுதான். சுத்தி வெள்ளையா உப்புப் படிவம், பொரி மாதிரி உதிருது. தெர்மோஸ்டாட்டைச் சுடுதண்ணியில போட்டுப் பார்த்தேன், பாதிதான் திறக்குது, அதனால புதுசு வாங்கிட்டேன். அடியைச் சுரண்டி, பழைய 19 பிட்ச்சையே மாட்டினேன். இன்னிக்கு 5850. இருபது நிமிஷம் விரட்டியும் சூடு ஏறல. கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள்ள ஏறற அழுத்தம்) எடுத்தேன், ஆறு சிலிண்டருக்கும் நடுவுல 8 பிஎஸ்ஐக்கு மேல வித்தியாசம் இல்ல.

கிரீஸ்கை:
கம்ப்ரஷன் அருமை, இன்ஜின் தப்பிச்சுது. கீழ் யூனிட்டை இறக்கின கையோட கியர் ஆயிலைப் பார்த்தீங்களா?

அலைமோதி:
பார்த்தேன் அண்ணா. பால் விட்ட டீ நிறம். புரொப்பெல்லரைக் கழட்டினா ஷாஃப்ட்ல தூண்டில் நரம்பு பத்து சுத்து.

கிரீஸ்கை:
அப்போ ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. தண்ணி புகாம ஷாஃப்டைச் சுத்தி இருக்கற ரப்பர் சீலை அந்த நரம்பு அறுத்திருக்கு. சீல் மாத்தற வரைக்கும் போட்டை இறக்காதீங்க.