பண்ணையில் பறித்த ஸ்ட்ராபெர்ரி இரண்டு நாள்கூட நிற்பதில்லை

நாமே பறித்துக்கொள்ளும் பண்ணைக்குப் பிள்ளைகளோடு போய் 3 கிலோ ஸ்ட்ராபெர்ரி கொண்டுவந்தோம். காலை 11 மணிக்குப் பறித்தது. காரில் இரண்டரை மணி நேரம். மறுநாள் இரவே அடியில் இருந்தவை கசிந்து, சாம்பல் பூஞ்சை பிடித்துவிட்டது. இதோடு மூன்றாவது முறை.

பறித்தபின் பழுக்காது என்பதால் முழுச் சிவப்பானதையே பறிக்கிறோம், காம்போடுதான். முதல் முறை கழுவாமல் ஒரே அடுக்காக ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைத்தேன். அப்புறம் ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீரில் அலசி, ஈரம் போக உலர்த்தியும் பார்த்தேன். உறையவைத்தால் குழைந்துவிடுகிறது, தங்கள் கையால் பறித்ததை அப்படியே தின்னத்தான் பிள்ளைகளுக்கு ஆசை.

வழியில் படும் சூடுதான் காரணம் என்று தோன்றுகிறது. இவ்வளவு தூரம் பழத்தை நசுங்காமல், குளிர்ச்சி குறையாமல் எதில், எப்படி எடுத்துவருகிறீர்கள்?